ஏழாவது ரிப்பன்

முழங்கால்: கொஞ்சம் நில்லுங்க சார்... நான் இங்கயே உக்காந்துக்குறேன்.

வால்: அங்க வேணாம் மேடம்! அது எறும்புப் புத்து.

முழங்கால்: ஐயோ!

வால்: மெதுவா... இப்படி வாங்க. இந்தக் கல்லு மேல உக்காருங்க. போன வாரமும் இதே கல்லுதான்.

முழங்கால்: கல்லுக்கே என்னை அடையாளம் தெரிஞ்சிருக்கும்.

வால்: பேர வேணா எழுதி வெச்சிடலாமா?

முழங்கால்: என் பேரு இங்க யாருக்குத் தெரியும்? சின்னது பெருசு எல்லாம் 'முழங்கால் அக்கா'ன்னுதான் கூப்பிடுது.

வால்: நான் மட்டும் என்னவாம்? இருபத்தஞ்சு வருஷமா மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கேன். கடையில முதலாளி. ஞாயித்துக்கிழமை இந்தக் காட்டுக்குள்ள வந்துட்டா வெறும் வால்.

முழங்கால்: வால்னா சும்மாவா? டீச்சர் தலை, முன்னால போறாங்க. நீங்க வால், கடைசியா வர்றீங்க. நடுவுல போற மீதிப் பேரெல்லாம் வெறும் வயிறுதான்.

வால்: வயிறேதான். பாருங்க, நடக்க ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷத்துல பிஸ்கட்ட பிரிச்சிடுறாங்க.

தலை: ஹலோ, ஹலோ. தலை பேசுறேன். வால், கேக்குதா?

வால்: ஆரம்பிச்சுட்டாங்க... எங்க போச்சு இந்த வாக்கி டாக்கி... கேக்குது டீச்சர். வால்தான்.

தலை: அண்ணே, எங்க இருக்கீங்க?

வால்: இதோ, மரப்பாலம் தாண்டியாச்சு.

தலை: மரப்பாலமா! நாங்க தாண்டி அரை மணி நேரம் ஆச்சுண்ணே!

வால்: மேடத்துக்கு முழங்கால் கொஞ்சம்...

தலை: தெரியும், தெரியும். அக்காவ அவசரப்படுத்தாதீங்க. ரிப்பன் எத்தனை அவுத்தீங்க?

வால்: நாலு.

தலை: இன்னைக்கு மொத்தம் ஏழு. ஏழும் என் கைக்கு வரணும். போன வாரம் ஒண்ணு விட்டுட்டு வந்தீங்க, வாசல் காவலர்கிட்ட நான் பேச்சு வாங்கினேன். பத்து மணிக்குத் தலைக்கணக்கு. மறந்துடாதீங்க.

வால்: சரிங்க டீச்சர்.

முழங்கால்: பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர்னா ஞாயித்துக்கிழமைகூட விசில் ஊதணுமா?

வால்: ஷ்ஷ்... பட்டன விட்டேனான்னு பாக்குறேன். ம், விட்டுட்டேன். இப்போ திட்டுங்க.

முழங்கால்: திட்ட எனக்கு வாய் வராது. தங்கமான பொண்ணு. முதல் நாள் வந்தப்போ, இங்க ஒரு மரத்துல ஆரஞ்சு ரிப்பன் கட்டியிருந்துச்சு. மரத்துக்குப் பொறந்த நாள் போலன்னு நினைச்சேன்.

வால்: அத என்கிட்ட கேக்கவும் கேட்டீங்க.

முழங்கால்: கேட்டேன். நீங்க சிரிக்காம பதில் சொன்னீங்க. வாரா வாரம் வழியக் கொஞ்சம் மாத்துவாங்க மேடம், பாதை பிரியுற இடத்துல தலை ரிப்பன் கட்டிட்டுப் போவாங்க, எந்தப் பக்கம் ரிப்பனோ அந்தப் பக்கம் வழி, எல்லாரும் போனதும் வால் அவுத்துட்டு வரும்னு... வாத்தியார் மாதிரி சொன்னீங்க.

வால்: எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவேன்.

முழங்கால்: எல்லாருக்கும் அந்தக் கல்லத் தொடச்சு உக்காரவும் சொல்லுவீங்களா?

வால்: ... டீ குடிக்கிறீங்களா? பிளாஸ்க்ல இருக்கு.

முழங்கால்: பேச்ச மாத்துறதுல கெட்டிக்காரர். குடுங்க.

வால்: பாத்து, சூடு.

முழங்கால்: சர்க்கரை கம்மியா இருக்கு.

வால்: போன வாரம் நீங்கதான் கம்மியா போடச் சொன்னீங்க.

முழங்கால்: சொன்னேனா? ஞாபகம் வெச்சிருக்கீங்களே... சார், ஒண்ணு சொல்லட்டுமா?

வால்: சொல்லுங்க.

முழங்கால்: இந்தக் கல்லுல உக்காந்து குடிக்கிற கடைசி டீ இது.

வால்: கடைசி, கிடைசின்னு பேசாதீங்க.

முழங்கால்: நான் சொல்லாட்டா இல்லன்னு ஆயிடுமா? நேத்து டீச்சர் எல்லாருக்கும் போன்ல அனுப்பினாங்கல்ல. அடுத்த வாரத்துல இருந்து ரெண்டு குழு. நல்லா நடக்குறவங்க ஞாயித்துக்கிழமை மேட்டுப் பாதை. நடக்க முடியாதவங்க புதன்கிழமை சாயங்காலம், ஏரிக்கரையச் சுத்தி, சமதரையில. அந்தப் பட்டியல்ல முதல் பேரு யாரு?

வால்: முழங்கால் அக்கா.

முழங்கால்: பட்டியல்லகூட பேரு போடல பாத்தீங்களா!

வால்: புதன்கிழமைக்கு வால் யாராம்?

முழங்கால்: பேக்கரிக்காரர்.

வால்: அவரா? அவர் தூங்கிக்கிட்டே நடப்பார். காலைல மூணு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுற ஆளு.

முழங்கால்: நீங்க புதன்கிழமை வர முடியாதா?

வால்: புதன்கிழமை கண் டாக்டர் கடைக்கு வர்ற நாள். சாயங்காலம் நிக்க நேரமிருக்காது. எப்படிக் கடையப் பூட்டுறது?

முழங்கால்: ம்.

வால்: மேடம்... முழங்கால் சரியாயிடுச்சுன்னு சொல்லிப் பாருங்களேன். ஞாயித்துக்கிழமைக் குழுவுலயே இருக்கலாம்ல?

முழங்கால்: சொல்லிட்டா?

வால்: சொல்லிட்டா... இருக்கலாம்.

முழங்கால்: எங்க இருக்கலாம்? முன்னால! "அக்கா, கால்தான் சரியாயிடுச்சே, வாங்க என்கூட"ன்னு டீச்சர் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடும். நீங்க யாரோடவோ பின்னால வருவீங்க. வால் யார்கூட வரணும்? விதி என்ன?

வால்: கடைசியா வர்றவங்ககூட.

முழங்கால்: பாத்தீங்களா? கால் வலிச்சா புதன்கிழமை. வலிக்கலைன்னா முன்வரிசை. எப்படிப் போனாலும் இந்தக் கல்லு காலி.

வால்: நல்லா யோசிச்சிருக்கீங்க.

முழங்கால்: உக்காந்த வேலை. யோசிக்கத்தானே நேரம்? தபால் ஆபீஸ்ல நாள் பூரா நாற்காலி. உக்காந்து உக்காந்துதான் மூட்டே பிடிச்சிக்கிச்சு.

வால்: ஓ... ஆமா. உக்காந்த வேலைன்னு சொல்லியிருக்கீங்க.

முழங்கால்: என்ன அப்படிப் பாக்குறீங்க?

வால்: ஒண்ணுமில்ல. டீ ஆறுது.

முழங்கால்: குடிச்சிட்டேன். வாங்க, கிளம்புவோம். கை குடுங்க... அப்பாடா.

வால்: வலிக்குதா?

முழங்கால்: வலிக்காம? ... சார், உங்க வீட்டுல இப்போ யாரு?

வால்: நானும் ஒரு ரேடியோவும். மனைவி போய் ஆறு வருஷம் ஆச்சு. தங்கச்சி வாரத்துக்கு ஒரு தடவ போன் பண்ணி "அண்ணா, சாப்பிட்டியா"ன்னு கேக்கும். சாப்பிட்டேன்னு சொன்னா வெச்சிடும்.

முழங்கால்: எங்க வீட்டுல டிவி. பொண்ணு கல்யாணம் ஆகிப் போனதுல இருந்து அதுதான் பேசுது, நான்தான் கேக்குறேன். பதில் சொன்னாலும் அது காதுல வாங்காது.

வால்: கடையில நாள் பூரா பேசுறேன். என்ன பேச்சு? மேல் வரி தெரியுதா, கீழ் வரி தெரியுதா, இப்போ நல்லா இருக்கா, முன்ன நல்லா இருந்துச்சா... அதுலயும் பாதிப் பேரு ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்பாங்க.

முழங்கால்: நான் வந்தா ஒழுங்கா சொல்லுவேன்.

வால்: வரவே இல்லையே நீங்க.

முழங்கால்: எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. கால்தான்... அஞ்சாவது ரிப்பன் அதோ!

வால்: அட, ஆமா. பேசிக்கிட்டே தாண்டியிருப்பேன். இருங்க, அவுக்குறேன்... டீச்சர் முடிச்சு போட்டா அவுக்குறதுக்குள்ள நகம் பேந்துடுது.

முழங்கால்: குடுங்க இப்படி. இந்த நுனியத் தள்ளிட்டு அந்தப் பக்கம் இழுக்கணும். ஆச்சு.

வால்: எங்க கத்துக்கிட்டீங்க?

முழங்கால்: தபால் கட்டு அவுக்குற கை சார் இது. இந்தாங்க, பையில போடுங்க.

வால்: அஞ்சு. இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. சிலந்தி வலை... பனித்துளி எப்படி நிக்குது பாருங்க.

முழங்கால்: அழகா இருக்கு. யாருமே உடைக்காம போயிருக்காங்களே! முப்பது பேரு!

வால்: முன்னால போறவங்களுக்கு டீச்சர் காட்டுறதுதான் தெரியும். இதெல்லாம் கடைசியா வர்றவங்களுக்குத்தான்.

முழங்கால்: அதனாலதான் நான் கடைசியா வர்றேன்.

வால்: முழங்கால்னாலன்னு நினைச்சேன்.

முழங்கால்: ... அதனாலயும்தான்.

வால்: பாதை பிரியுது. பாத்து வாங்க, வேர் இருக்கு.

முழங்கால்: சார்! அங்க பாருங்க. அந்தப் பட்ட மரத்துல... மரங்கொத்தி!

வால்: எங்க?

முழங்கால்: மேல. இன்னும் மேல. கிளை ரெண்டா போகுதுல்ல, அங்க.

வால்: தெரியலையே.

முழங்கால்: மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கே தெரியலைன்னா எப்படி? நல்லா பாருங்க. திரும்பாதீங்க, பறந்துடும்.

வால்: திரும்பல.

முழங்கால்: அப்படியே நில்லுங்க.

வால்: நிக்கிறேன்... என்ன சத்தம்?

முழங்கால்: அதுவா... செருப்பு வார சரி பண்ணினேன்.

வால்: ஓ. பறவை இருக்கா, போயிடுச்சா?

முழங்கால்: போயிடுச்சு. இப்போதான். என்ன சிவப்பு தெரியுமா அதோட கொண்டை!

வால்: எனக்குக் குடுத்து வெக்கல. சரி, ரிப்பன் எங்க? இங்க ஒண்ணு இருக்கணுமே.

முழங்கால்: இல்லையே.

வால்: இடதுபக்கமும் இல்ல, வலதுபக்கமும் இல்ல.

முழங்கால்: டீச்சர் மறந்திருப்பாங்க.

வால்: டீச்சரா? அவங்க மறந்தா சூரியன் மேற்குல உதிக்கும்.

முழங்கால்: முப்பது பேர மேச்சுக்கிட்டுப் போறாங்க. மனுஷிதானே?

வால்: நீங்க என்ன நினைக்கிறீங்க? இடதா, வலதா?

முழங்கால்: எனக்கு என்ன சார் தெரியும்? நான் கால் வெக்கிற இடத்தப் பாத்து நடக்குறவ. நீங்க சொல்லுங்க.

வால்: நான் சொன்னா வருவீங்களா?

முழங்கால்: வால் சொன்னா வந்துதானே ஆகணும்?

வால்: அப்போ... வலதுபக்கம்.

முழங்கால்: நிச்சயமா?

வால்: வலதுபக்கம் நிழலா இருக்கு. வாங்க.

முழங்கால்: ...

வால்: என்ன, சிரிக்கிறீங்க?

முழங்கால்: சும்மாதான். நிழலப் பாத்து வழி சொல்ற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்.

வால்: தண்ணி சத்தம் கேக்குது பாருங்க.

முழங்கால்: ஓடை. இங்க பாதை முடிஞ்சு போச்சு சார். அந்தப் பக்கம் பூரா முள்ளு.

வால்: அடடா. அப்போ வழி தப்பிட்டோமா?

முழங்கால்: தப்பிட்டோம் போலிருக்கு.

வால்: ம். வந்தது வந்துட்டோம்... உக்காருவோமா?

முழங்கால்: அஞ்சு நிமிஷம்.

வால்: அஞ்சே நிமிஷம்.

முழங்கால்: கால தண்ணியில போட்டுக்கட்டுமா?

வால்: போடுங்க. வலிக்கு நல்லது.

முழங்கால்: எந்த... ஆமா. நல்லது. ஐயோ, ஜில்லுன்னு இருக்கு! நீங்களும் போடுங்க.

வால்: ஷூ போட்டிருக்கேன்.

முழங்கால்: கழட்டினா கால் கூடவே வந்துடுமா?

வால்: சரி, சரி... ஆ! ஜில்லுன்னா இருக்கு? பனிக்கட்டி!

முழங்கால்: சின்னப் புள்ள மாதிரி கத்தாதீங்க. மீனெல்லாம் ஓடுது.

வால்: சிரிச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?

முழங்கால்: போன ஞாயித்துக்கிழமை சிரிச்சீங்க. அணில் பேக்கரிக்காரர் தொப்பியில பழத்தப் போட்டப்போ.

வால்: அதத்தான் சொல்றேன். வாரத்துக்கு ஒரு நாள். திங்கள்ல இருந்து சனி வரைக்கும் சிரிக்கிற மாதிரி எதுவும் நடக்க மாட்டேங்குது.

முழங்கால்: எனக்கு நடக்கும். ஆனா சொல்ல ஆள் இருக்காது. ஞாயித்துக்கிழமை சொல்லணும்னு சேத்து வெச்சுக்குவேன். இனிமே எதுக்குச் சேக்கணும்னு நேத்து ராத்திரி நினைச்சேன். அழுகையே வந்துடுச்சு.

வால்: மேடம்...

முழங்கால்: இந்த வயசுல என்ன அழுகைன்னு எழுந்து மூஞ்சியக் கழுவிட்டுப் படுத்தேன்.

வால்: எனக்கும் தூக்கம் வரல. கடையில இருக்குற கண்ணாடியெல்லாம் எடுத்துத் தொடச்சேன். ஒரு கண்ணாடி விடல.

தலை: வால்! வால்! ... கேக்...தா? அண்ணே!

வால்: கேக்குது டீச்சர்.

தலை: எங்கண்ணே இருக்கீங்க? மணி ஒன்பதே முக்கால்! எல்லாரும் வாசலுக்கு வந்து நிக்கிறோம்!

வால்: ஒன்பதே முக்காலா?

முழங்கால்: ஐயையோ.

தலை: காவலர் கையில நோட்ட வெச்சுக்கிட்டு நிக்கிறாரு. உள்ள போனது முப்பத்திரண்டு தலை. பத்து மணிக்கு முப்பத்திரண்டும் வெளிய வரலைன்னா, மேல எழுதிப் போடுவாராம். அப்புறம் அடுத்த வாரம் யாரும் உள்ள வர முடியாது. ஞாயிறும் கிடையாது, புதனும் கிடையாது. மொத்தமா நிறுத்திடுவாங்கண்ணே!

வால்: வந்துடுறோம் டீச்சர். ரிப்பன் ஒண்ணு காணோம், வழி மாறிட்டோம், ஓடைப் பக்கம்...

தலை: ஓடைப் பக்கமா! அக்காவ வெச்சுக்கிட்டு அங்க இருந்து பத்து மணிக்குள்ள எப்படிண்ணே வருவீங்க? நான் ஓடி வரட்டுமா?

வால்: வேணாம், வேணாம். நீங்களும் உள்ள வந்தா மூணு தலை குறையும்!

தலை: ஐயோ அண்ணே...

வால்: போச்சு. எல்லாம் என்னாலதான். முப்பது பேருக்கும் ஞாயித்துக்கிழமை போச்சு. அந்தப் பொண்ணு அனுமதி வாங்க ரெண்டு வருஷம் நடையா நடந்துச்சு, தெரியுமா உங்களுக்கு?

முழங்கால்: தெரியும். எழுந்திரிங்க.

வால்: நான் உங்கள முதுகுல தூக்கிக்கட்டுமா?

முழங்கால்: என்னது!

வால்: இல்ல... கால்...

முழங்கால்: ஷூவ மாட்டுங்க முதல்ல. பாதை பிரிஞ்ச இடத்துக்குப் போய், இடதுபக்கம் ஏறி, மேட்டத் தாண்டினா வாசல். வேகமா நடந்தா பத்து நிமிஷம்.

வால்: உங்களுக்கு முழங்கால்...

முழங்கால்: முழங்காலாவது மண்ணாங்கட்டியாவது! நடங்க சார்!

வால்: மேடம்... மேடம், மெதுவா! நில்லுங்க!

முழங்கால்: நிக்க நேரமில்ல. வேர் இருக்கு, பாத்துத் தாண்டுங்க. அந்தப் பக்கம் இல்ல, இப்படி. கல்லு மேல கால் வெக்காதீங்க, வழுக்கும்.

வால்: வழி... உங்களுக்கு எப்படி...

முழங்கால்: ஒரு தடவ நடந்த வழி எனக்கு மறக்காது. இடதுபக்கம் திரும்புங்க. இனிமே ஏத்தம்.

வால்: இருங்க... மூச்சு...

முழங்கால்: சரி, நீங்க முன்னால போங்க. நான் பின்னால வர்றேன். கடைசியா வர்றவர விட்டுட்டுப் போகக் கூடாதுல்ல? அதுதானே விதி?

வால்: இப்போ... நான்தான்... கடைசியா?

முழங்கால்: நீங்கதான். கையக் குடுங்க. ம், ஏறுங்க!

வால்: கோவமா... இருக்கீங்களா?

முழங்கால்: என் மேலதான் கோவம். சொல்லிடுறேன் சார், கேட்டுட்டு என்ன வேணா நினைச்சுக்கங்க. எனக்கு முழங்கால்ல ஒண்ணுமே இல்ல. எப்பவும் இல்ல. முதல் வாரம் செருப்பு கடிச்சு நொண்டினேன், அவ்வளவுதான். நீங்க கல்லத் தொடச்சு உக்கார வெச்சீங்க. அடுத்த வாரம் செருப்பு கடிக்கல. ஆனா நொண்டினேன்.

வால்: ஏழு... மாசமா?

முழங்கால்: ஏழு மாசமா. உக்காந்த வேலையும் இல்ல. தெருத்தெருவா தபால் குடுக்குற வேலை. ஒரு நாளைக்குப் பன்னண்டு கிலோமீட்டர் நடக்குறேன்.

வால்: தெரியும்.

முழங்கால்: என்னது?

வால்: தெரியும்... மேடம். கொஞ்சம் நில்லுங்க... மூச்சு வாங்கிட்டுச் சொல்றேன்.

முழங்கால்: ஏறிக்கிட்டே சொல்லுங்க!

வால்: என் கடைக்கு மேல... நாலாவது மாடியில ஒரு வக்கீல். உங்க மூணாவது வாரம்... லிஃப்ட் ரிப்பேரு. பதிவுத் தபால் ஒண்ணு எடுத்துக்கிட்டு நீங்க... ரெண்டு ரெண்டு படியா...

முழங்கால்: பாத்துட்டீங்களா!

வால்: ஏறினதையும் பாத்தேன்... இறங்கினதையும் பாத்தேன். பாட்டு வேற பாடிக்கிட்டு.

முழங்கால்: கடவுளே! அப்புறமுமா கல்லத் தொடச்சு விட்டீங்க? கேக்க வேண்டியதுதானே?

வால்: கேட்டா... முன்னால போயிடுவீங்களே.

முழங்கால்: ஏறுங்க. அந்த மரத்துல ரிப்பன் இருக்கு. கடைசி ரிப்பன். நான் அவுக்குறேன், நீங்க போய்க்கிட்டே இருங்க.

வால்: இல்ல... சேந்தே போவோம்.

முழங்கால்: ஆச்சு. பையில போடுங்க. நீங்க மட்டும் ரொம்ப யோக்கியமா? வால் வேலை மாசத்துக்கு ஒருத்தர் மாறணுமாமே. டீச்சர் சொன்னாங்க. நீங்க ஏன் ஏழு மாசமா மாறல?

வால்: யாரும்... முன்வரல.

முழங்கால்: ஏன் வரல?

வால்: கடைசியா போறவங்களத்தான் குளவி கொட்டும்னு... யாரோ கிளப்பி விட்டுட்டாங்க.

முழங்கால்: யாரோவா?

வால்: நான்தான்.

முழங்கால்: அடப்பாவி மனுஷா! அந்தப் பேக்கரிக்காரர் மனைவி இன்னமும் காதுல துணி கட்டிக்கிட்டு நடக்குது!

வால்: அவங்களுக்கு மட்டும்... இனிமே உண்மையச் சொல்லிடணும்.

முழங்கால்: வாசல் தெரியுது. இன்னும் இருபது அடி. டீச்சர் கைய ஆட்டுறாங்க பாருங்க!

தலை: வாங்க, வாங்க, வாங்க! முப்பத்தொண்ணு... முப்பத்திரண்டு! காவலர் அண்ணே, எழுதிக்கங்க, முப்பத்திரண்டு! மணி பத்தாக ஒரு நிமிஷம் இருக்கு!

வால்: டீச்சர்... மன்னிச்சிடுங்க... தண்ணி...

தலை: முதல்ல உக்காருங்கண்ணே. மூஞ்சி சிவந்து போச்சு. அக்கா, நீங்க... அக்கா, உங்களுக்கு மூச்சே வாங்கல?

முழங்கால்: அது... வாங்குது. கொஞ்சம்.

தலை: ஓடைப் பக்கத்துல இருந்து பத்தே நிமிஷத்துல! அந்த மேட்டுல நானே நின்னு நின்னுதான் ஏறுவேன். முழங்கால் என்னாச்சு?

முழங்கால்: சரியாயிடுச்சு டீச்சர்.

தலை: எப்போ?

முழங்கால்: ஓடைத் தண்ணியில கால வெச்சேன்.

தலை: ஓடைத் தண்ணியில.

முழங்கால்: ஜில்லுன்னு இருந்துச்சு.

தலை: ஏன்க்கா, நான் பத்து வருஷமா பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர். வயித்து வலி, தலை வலி, கால் வலின்னு மைதானத்துக்கு வராத புள்ளைங்களத் தினமும் பாக்குறேன். ஒரு வாரம் இடது கால்ல நொண்டுவீங்க, ஒரு வாரம் வலது கால்ல.

முழங்கால்: ஐயோ...

வால்: டீச்சர், தப்பு என்னோடது...

தலை: நீங்க பேசாதீங்கண்ணே. உங்களுக்குத் தனியா இருக்கு. கடைசியில போறவங்க வழி தப்பிட்டா கேக்க ஆளில்லாம போகுது. ஒருத்தர் வாலா இருந்தா போதாதுன்னு இன்னைக்குத் தெரிஞ்சு போச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமையில இருந்து வாலுக்கு ரெண்டு பேரு. ஒருத்தர் வழி தெரிஞ்சவங்களா இருக்கணும், வேகமா ஏறத் தெரியணும். யாரப் போடலாம்?

வால்: யாரு... யாருன்னு...

தலை: அக்கா, உங்களத்தான்.

முழங்கால்: நானா? புதன்கிழமைப் பட்டியல்ல என் பேரு...

தலை: உங்க பேரு எங்க இருக்கு அதுல? "முழங்கால்"னு ஒண்ணுதான் இருக்கு. அதான் சரியாயிடுச்சே, அடிச்சிடுறேன். ரிப்பனக் குடுங்கண்ணே, எண்ணணும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு... ஆறு. ஏழாவது?

வால்: அதுதான் சொன்னேனே. பாதை பிரியுற இடத்துல நீங்க கட்டவே இல்ல.

தலை: கட்டினேன்! ரெண்டு முடிச்சு போட்டுக் கட்டினேன்.

வால்: அப்போ காத்துல போயிருக்கும்.

தலை: ரெண்டு முடிச்சு காத்துல அவுருமா? ... சரி, விடுங்க. எல்லாரும் வண்டிய எடுத்துட்டாங்க, நான் போய் காவலருக்கு ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வரேன். ரெண்டு பேரும் தண்ணியக் குடிச்சிட்டு மெதுவா வாங்க.

முழங்கால்: சார்.

வால்: ம்?

முழங்கால்: டீச்சர் போயிட்டாங்களா?

வால்: போயிட்டாங்க.

முழங்கால்: கைய நீட்டுங்க.

வால்: எதுக்கு?

முழங்கால்: நீட்டுங்கன்னா... இந்தாங்க. ஏழாவது.

வால்: ஓ.

முழங்கால்: மரங்கொத்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்கள அண்ணாந்து பாக்க வெச்சுட்டு நான்தான் அவுத்தேன். கடைசி ஞாயித்துக்கிழமை... வழி தப்பினா இன்னும் அரை மணி நேரம் கிடைக்குமேன்னு ஒரு புத்தி. எல்லாருக்கும் வினையா முடியப் பாத்துச்சு. என்ன வேணா திட்டுங்க.

வால்: திட்டுறதா? மேடம், கண்ணாடி போட்டிருக்கவனுக்கு முன்னால பாக்கும்போதே பின்னால நடக்குறது லென்ஸ் ஓரத்துல தெரியும். ரிப்பன் இடதுபக்கக் கிளையில இருந்துச்சு... நீங்க அவுக்குறதப் பாத்துக்கிட்டேதான் நான் வலதுபக்கம் திரும்பினேன்.